ஏதென்ஸின் கணக்கு வழக்கு: அரிஸ்டாட்டில் பள்ளி நூல் ஒன்றைப் பற்றி

எகிப்து நாட்டில் ஹெர்மோபோலிஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை இருந்தது. அதன் காரியஸ்தர் கி.பி. 78, 79ஆம் ஆண்டுகளில் பாப்பிரஸ் சுருள்களில் வரவு செலவு எழுதி வைத்தார். கணக்கு முடிந்த பிறகு அந்தச் சுருள்களால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஆனால் பாப்பிரஸ் விலையுள்ள சரக்கு, தூக்கிப் போட மனம் வருமா? அதன் வெற்றுப் புறத்தில் யாரோ வேறொரு நூலைப் படியெடுத்துக்கொண்டார்கள். நான்கு சுருள், நான்கு விதமான கையெழுத்து. பிரிட்டிஷ் மியூசியம் அவற்றை வாங்க, பிரெடரிக் கென்யன் 1891 ஜனவரியில் அச்சில் கொண்டுவந்தார். அதுவரை சில கிழிசல் துண்டுகளிலும் பிறர் மேற்கோள்களிலும் மட்டுமே தெரிந்திருந்த 'ஏதெனியர் அரசமைப்பு' என்ற நூல் உலகத்துக்குத் திரும்பக் கிடைத்த கதை இதுதான்.

ஏடு படியெடுத்துக் கொடுப்பதை சாஸ்திர தானம் என்று சொல்லும் நயினார் குடும்பத்தில் பிறந்தவன் நான். பிழைப்போ தானிய வியாபாரம். எனவே ஒரு பக்கம் பண்ணைக் கணக்கு, மறுபக்கம் ஓர் அரசாங்கத்தின் கணக்கு என்று அமைந்த இந்தச் சுருள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ராக்கம் 1935லும் ரோட்ஸ் 1984லும் வெளியிட்ட இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல தடவை படித்திருக்கிறேன். கிரேக்கம் எனக்குத் தெரியாது. நான் சொல்வதெல்லாம் நூலின் நடை பற்றியல்ல, அது சொல்லும் விஷயத்தையும் சொல்லாமல் விடும் விஷயத்தையும் பற்றியது.

கிரேக்க நாடு என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, பழங்காலத்தில் அது ஒரே நாடு அல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகர அரசுகள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிச் சபை, தனிப் படை. அவற்றில் 158 அரசுகளின் அமைப்பை அரிஸ்டாட்டிலின் பள்ளி தொகுத்தது என்பது மரபு. அந்தத் தொகுப்பில் ஏறக்குறைய முழுசாக நமக்குக் கிடைத்தது ஏதென்ஸ் பற்றிய இந்த ஒன்றுதான். தலைப்பகுதி போய்விட்டது. மிஞ்சியது 69 சிறிய அத்தியாயங்கள். எழுதிய காலம் கி.மு. 330ஐ ஒட்டி. அரிஸ்டாட்டிலே எழுதினாரா, மாணவர் ஒருவரிடம் கொடுத்து எழுதச் செய்தாரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ரோட்ஸ் மாணவர் பக்கம். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. யார் எழுதியிருந்தாலும் அந்தப் பள்ளியின் சரக்கு, அந்தப் பள்ளியின் முத்திரை.

முதல் 41 அத்தியாயங்கள் சரித்திரம். அரசமைப்பு பதினொரு தடவை மாறியது என்று கணக்குச் சொல்லி முடிக்கிறார். இந்தப் பகுதியை நம்பித்தான் நம் பாடப் புத்தகங்கள் சோலோன், கிளைஸ்தனிஸ் பாடங்களில் பாதியை எழுதுகின்றன. ஆனால் சரித்திர ஆசிரியராக இவர் சுமார்தான். கி.மு. 462 வாக்கில் அரியோபகஸ் சபையின் அதிகாரத்தைப் பறித்ததில் தெமிஸ்டோக்கிளிசுக்கும் பங்கு உண்டு என்று ஒரு கதை சொல்கிறார். அந்த மனிதர் அதற்குப் பல வருஷம் முன்பே நாடு கடத்தப்பட்டுவிட்டாரே! டிராக்கோவின் அரசமைப்பு என்று நான்காம் அத்தியாயத்தில் வருவதைப் பெரும்பாலான அறிஞர்கள் பிற்காலக் கற்பனை என்று தள்ளிவிட்டார்கள். ஒரே ஓர் இடம் மட்டும் என்னைப் போன்றவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். சோலோன் கடன்களையெல்லாம் ரத்து செய்யப் போகிறார் என்ற செய்தி முன்கூட்டியே அவருடைய சிநேகிதர்கள் சிலருக்குக் கசிந்துவிட்டதாம். அவர்கள் கைநிறையக் கடன் வாங்கி நிலத்தை வாங்கிப் போட்டார்களாம். நாலே நாளில் கடன் ரத்து, நிலம் மிச்சம்! பழம்பணக்காரர்கள் என்று பின்னாளில் பேர் வாங்கியவர்கள் இப்படி உண்டானவர்கள்தான் என்று சொல்லிவிட்டு, சோலோனுக்கு இதில் பங்கில்லை என்று வக்காலத்தும் வாங்குகிறார். மார்க்கெட்டில் உட்கார்ந்தவனுக்கு இந்தக் கதையில் நம்ப முடியாதது ஒன்றும் இல்லை.

நூலின் உயிர் 42ஆம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து கதை கிடையாது, நாயகர் கிடையாது. எந்த வேலைக்கு எத்தனை பேர், எப்படித் தேர்வு, என்ன கூலி, யார் தணிக்கை, இவ்வளவுதான். ஐந்நூற்றுவர் சபைக்கு ஒரு குலத்துக்கு 50 பேர் வீதம் பத்துக் குலத்திலிருந்தும் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஒவ்வொரு குலத்து ஐம்பது பேரும் முறை வைத்து நிர்வாகம் பார்ப்பார்கள், முதல் நான்கு குலத்துக்கு 36 நாள், மீதி ஆறுக்கு 35 நாள். அந்த ஐம்பது பேரில் ஒருவர் தலைவர். அதுவும் சீட்டில்தான். பொக்கிஷமும் பத்திரங்களும் இருக்கும் கோயில்களின் சாவி, அரசு முத்திரை எல்லாம் அவர் கையில். எத்தனை காலம்? ஒரு பகல், ஒரு இரவு! மறுபடி அந்தப் பதவி அவருக்குக் கிடையாது.

'ஜனநாயகம் தந்த கிரேக்கம்' என்று மேடையில் பேசுகிறவர்கள் ஓட்டுப் போடுவதைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த நூலைப் படித்தால் வேறு மாதிரி. படைத்தலைவர்கள், ராணுவப் பணத்தின் பொக்கிஷதாரர், ஊர் நீரூற்றுகளைப் பார்த்துக்கொள்பவர் மாதிரி சில வேலைகளுக்குத்தான் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். மற்றதெல்லாம் குலுக்கல். சீட்டில் வந்தவன் கெட்டிக்காரன் என்று யாரும் நம்பவில்லை. யோக்கியன் என்றும் நம்பவில்லை. அதனால்தான் கணக்குக் கேட்கும் ஏற்பாட்டை இவ்வளவு கெட்டியாகக் கட்டினார்கள். (நம்மவர் இந்த இடத்தில் உடனே உத்திரமேரூர்க் குடவோலையை இழுத்து வருவார்கள். அது 10ஆம் நூற்றாண்டில் ஒரு பிராமண சபை செய்துகொண்ட ஏற்பாடு. தனிக் கட்டுரைக்கு உரியது, இங்கே வேண்டாம்.)

பதவிக்கு வருமுன் ஒரு விசாரணை. உன் தகப்பன் யார், எந்த ஊர்ப்பிரிவு, பாட்டன் யார், தாய் யார், தாயின் தகப்பன் யார், உங்கள் குடும்பத்துச் சமாதிகள் எங்கே, பெற்றவர்களை ஒழுங்காக வைத்துக்கொள்கிறாயா, வரி கட்டுகிறாயா, படைக்குப் போனாயா என்று கேட்பார்கள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, இவர்மேல் புகார் சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார்கள். பதவியில் இருக்கும்போது சபையிலிருந்து சீட்டில் எடுத்த பத்துப் பேர் ஒவ்வொரு தவணைக்கும் கணக்குப் பார்ப்பார்கள். பதவி முடிந்ததும் வேறு பத்துக் கணக்கர்கள் முழுக் கணக்கையும் பிரித்துப் பார்ப்பார்கள். திருடியிருந்தால் பத்து மடங்கு. லஞ்சம் வாங்கியிருந்தால் அதுவும் பத்து மடங்கு. சின்னத் தப்பு என்றால் ஒரு மடங்கு, கெடுவுக்குள் கட்டாவிட்டால் இரண்டு மடங்கு. அதோடு முடியவில்லை. கணக்கு முடிந்த மூன்று நாளுக்குள் எந்தக் குடிமகன் வேண்டுமானாலும் சந்தை நேரத்தில் வந்து, வெள்ளை பூசிய பலகையில் தன் பேர், எதிராளி பேர், குற்றம், கேட்கும் தண்டம் எல்லாம் எழுதிக் கொடுக்கலாம்.

அரசுக்கு வரவேண்டிய பாக்கியை எழுதிய பலகைகளை ஓர் அரசாங்க அடிமை பத்திரமாக வைத்திருப்பான். தவணை நாளில் அவன் கொண்டுவந்து கொடுக்க, பணம் கட்டியவர்களின் பாக்கியைச் சபையிலேயே எல்லார் கண்ணெதிரிலும் அழிப்பார்கள். மீதிப் பலகை மறுபடி அந்த அடிமை கைக்கே போகும். அதாவது சீட்டில் வந்த எஜமானர்கள் வருஷா வருஷம் மாறுவார்கள், லெட்ஜர் மட்டும் ஓட்டில்லாத ஒருவன் கையில். இதை எழுதியவர் ஓர் ஆச்சரியமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறார். நமக்குத்தான் நிற்கத் தோன்றுகிறது.

50, 51 அத்தியாயங்களை நான் சொந்தக் கடை விஷயமாகவே படித்தேன். குப்பை அள்ளுகிறவர்கள் மதில்சுவருக்குப் பத்து ஸ்டேடியம், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குள் கொட்டக்கூடாது. தெருவை அடைத்து வீடு கட்டக்கூடாது. தெருப்பக்கம் தண்ணீர் விழும்படி குழாய் வைக்கக்கூடாது. சந்தை அதிகாரிகள் பத்துப் பேர் கலப்படம் பார்க்க. அளவை அதிகாரிகள் பத்துப் பேர் படியும் எடையும் சரியா என்று பார்க்க. தானியத்துக்கு மட்டும் 35 பேர்: ஊருக்குள் 20, துறைமுகமான பிரேயஸில் 15. தானியம் நியாய விலைக்கு விற்கிறதா, பார்லி விலைக்குத் தக்கபடி மாவு விலை இருக்கிறதா, கோதுமை விலைக்குத் தக்கபடி ரொட்டி விலை இருக்கிறதா, ரொட்டியின் எடை குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது இவர்கள் வேலை. கடல் வழியாக வரும் தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊருக்குள் வந்தாக வேண்டும். அதைப் பார்க்க வேறு பத்துப் பேர். வருஷா வருஷம் தராசுக்கு முத்திரை வாங்க வரிசையில் நின்ற எனக்கு இதில் ஒரு வரிகூட அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆனால் இந்தப் பக்கங்களில்தான் என் வழக்கும் இருக்கிறது. 35 அதிகாரிகள் யாரைக் கண்காணித்தார்கள்? நூல் சொல்லவில்லை. அதற்கு லிசியாஸ் என்பவர் எழுதிக்கொடுத்த ஒரு நீதிமன்றப் பேச்சுக்குப் போக வேண்டும். கி.மு. 386 வாக்கில் நடந்த வழக்கு. குற்றவாளிக் கூண்டில் தானிய வியாபாரிகள். 50 கூடைக்கு மேல் ஒருவர் வாங்கக்கூடாது, வாங்கிய விலைக்கு மேல் ஒரு ஒபோலுக்கு அதிகமாக லாபம் வைக்கக்கூடாது என்பது சட்டம். ஆறு ஒபோல் ஒரு டிராக்மா. மீறினால் மரண தண்டனை. விசாரணையே இல்லாமல் கொன்றுவிடலாம் என்றுகூடச் சபையில் பேச்சு எழுந்தது. நீங்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு விலையை ஏற்றாதீர்கள் என்று தானிய அதிகாரி ஒருவரே எங்களுக்கு யோசனை சொன்னார் என்பது வியாபாரிகளின் பதில். கப்பல் மூழ்கிவிட்டது, வழி அடைபட்டுவிட்டது என்று இவர்களே வதந்தி கிளப்புகிறார்கள் என்பது எதிர்த்தரப்பு. 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் மொத்த வியாபாரிக்கு 200 டன் என்று மத்திய அரசு வரம்பு போட்டபோது மண்டியில் நடந்த பேச்சுக்கும் இதற்கும் சுருதி ஒன்றுதான். வியாபாரிகள் பக்கம் முழு நியாயமும் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பதுக்கல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

விஷயம் வேறு. அந்த வியாபாரிகள் ஏதென்ஸின் குடிமக்கள் அல்லர். வெளியூரிலிருந்து வந்து தங்கிய மெட்டிக்குகள். ஆணுக்கு வருஷம் 12 டிராக்மா தலைவரி, தனியாகப் பிழைக்கும் பெண்ணுக்கு 6. தங்களுக்குப் பொறுப்பாக ஒரு குடிமகனைக் காட்டியாக வேண்டும். வரி கட்டாவிட்டால் அடிமையாக விற்கப்படலாம். படைக்கு அழைத்தால் போக வேண்டும். போர்க்கால வரி உண்டு. தனிச் சலுகை பெற்றாலொழிய நிலமோ வீடோ சொந்தமாக வாங்க முடியாது. ஓட்டுக் கிடையாது, அந்தப் புகழ்பெற்ற சீட்டுப் பெட்டியில் அவர்கள் பேர் விழாது. எத்தனை தலைமுறை இருந்தாலும் இதே கதைதான். கி.மு. 451இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய் தகப்பன் இருவரும் குடிமக்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். கி.மு. 317ஐ ஒட்டி எடுத்த ஒரு கணக்கில் குடிமக்கள் 21,000, மெட்டிக்குகள் 10,000 என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்றில் ஒருவருக்கு இந்த நூல் எத்தனை இடம் கொடுத்தது? விரல்விட்டு எண்ணலாம். அவர்கள் வழக்குகளை போலிமார்க் என்ற அதிகாரி பார்ப்பார் என்று 58ஆம் அத்தியாயத்தில் சில வரி. 57ஆம் அத்தியாயத்தில் இன்னும் ஒன்று. ஒரு குடிமகனைத் திட்டமிட்டுக் கொன்றால் வழக்கு அரியோபகஸ் சபைக்குப் போகும். மெட்டிக்கையோ அடிமையையோ கொன்றால், கைதவறி நடந்த கொலைகளை விசாரிக்கும் கோர்ட்டுக்குப் போகும். இதையும் அதே சமநிலையான குரலில், ரொட்டி எடையைச் சொன்ன மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார்.

சரி, எழுதியவருக்கு மெட்டிக் வாழ்க்கை தெரியாதோ என்றால், அங்கேதான் வேடிக்கை. அரிஸ்டாட்டில் பிறந்தது வடக்கே ஸ்டாகிரா என்ற ஊரில், கி.மு. 384. படிக்க வந்தது பதினேழு வயதில். நடுவில் வெளியே போய், கி.மு. 335இல் திரும்பிவந்து பள்ளி நடத்தினார். ஏதென்ஸில் கழித்த முப்பதுக்கும் மேற்பட்ட வருஷமும் அவர் மெட்டிக்தான். அந்த ஊர்ச் சபையில் கை தூக்கியவர் அல்லர். அவருக்குப் பிறகு பள்ளியை நடத்திய தியோபிராஸ்டஸ் லெஸ்போஸ் தீவுக்காரர், அவரும் மெட்டிக். அவரைப் பற்றி சிசரோ ஒரு கதை சொல்கிறார். ஏதோ ஒரு சாமானுக்கு ஒரு கிழவியிடம் விலை கேட்டாராம். அவள் விலை சொல்லி, அசலூர்க்காரரே, இதற்குக் கீழே கட்டாது என்றாளாம். இத்தனை காலம் இங்கே இருந்தும், இவ்வளவு அழகாகப் பேசியும், ஒரு சந்தைக்காரிக்குத் தன் பேச்சில் அசலூர் தெரிந்துவிட்டதே என்று மனிதர் நொந்துபோனாராம். மும்பையிலோ டில்லியிலோ காய்கறி வாங்கிய நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது 40ஆம் அத்தியாயத்துக்கு வருகிறேன். கி.மு. 404இல் முப்பது பேர் கொண்ட கும்பல் ஆட்சியைப் பிடித்து 1,500 பேருக்குக் குறையாமல் கொன்றது. பிறப்பாலும் பணத்தாலும் பேராலும் பெரியவர்களைக் கொன்றார்கள் என்று நூல் சொல்கிறது. மெட்டிக் என்ற வார்த்தை அந்த இடத்தில் இல்லை. லிசியாஸ் தன் வாயாலேயே பேசிய இன்னொரு வழக்குரை அதைச் சொல்கிறது. அவரும் மெட்டிக், சிராகூசிலிருந்து வந்த கெபாலசின் மகன். அந்தக் கெபாலஸ் முப்பது வருஷம் ஏதென்ஸில் இருந்தார், யார்மேலும் வழக்குப் போட்டதில்லை, அவர்மேலும் யாரும் போட்டதில்லை. வியாபாரி ஒருவருக்கு இதைவிடப் பெரிய பட்டம் உண்டோ? பிளேட்டோவின் 'குடியரசு' உரையாடல் நடப்பது இந்தக் குடும்பத்து வீட்டில்தான். கும்பல் பத்து மெட்டிக்குகளைப் பிடிக்க முடிவு செய்தது. பணத்துக்காகச் செய்கிறோம் என்று தெரியாமலிருக்க அதில் இரண்டு பேர் ஏழைகளாக இருக்கட்டும் என்று ஏற்பாடு. லிசியாஸ் குடும்பத்தின் கேடயப் பட்டறையைச் சூறையாடினார்கள். 700 கேடயமும் 120 அடிமைகளும் போயின. அண்ணன் பொலிமார்க்கஸுக்கு விஷம் கொடுத்தார்கள். லிசியாஸ் தப்பி ஓடினார்.

கும்பல் விழுந்தது. பிரேயஸிலிருந்து போராடி ஜனநாயகத்தை மீட்டவர்களில் மெட்டிக்குகளும் அடிமைகளும் இருந்தார்கள். கூட நின்ற எல்லாருக்கும் குடியுரிமை தரலாம் என்று தலைவர் திராசிபுலஸ் தீர்மானம் கொண்டுவந்தார். ஆர்கினஸ் என்பவர் அது சட்டப்படி செல்லாது என்று எதிர்த்து அடித்துவிட்டார். நூல் திராசிபுலசைப் புகழவில்லை, ஆர்கினசைப் புகழ்கிறது. நல்ல ராஜதந்திரம் என்கிறது. அந்தக் கூட்டத்தில் சிலர் அப்பட்டமான அடிமைகள் என்று காரணமும் சொல்கிறது. லிசியாஸ் அந்தத் தீர்மானத்தால் குடிமகனாகி, அது அடிபட்டதும் மறுபடி மெட்டிக் ஆனவர்.

இந்த அத்தியாயத்தில் உயர்ந்த விஷயமும் உண்டு. கும்பல் தன் போருக்காக ஸ்பார்ட்டாவிடம் வாங்கிய கடனை, அவரவர் பங்கை அவரவர் கட்டலாம் என்று ஒப்பந்தம் இருந்தும், ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து பொதுப்பணத்திலிருந்து அடைத்தது. எதிரி வாங்கிய கடனை அடைத்துச் சமாதானத்தைத் தொடங்கினார்கள் என்று மனம் நிறைந்து எழுதுகிறார். எனக்கும் மனம் நிறைந்தது. ஆனால் கடனில் எதிரியைச் சேர்த்துக்கொண்ட பெருந்தன்மை, உரிமையில் தோழனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்க, ஒரு மெட்டிக்கின் பள்ளி இரண்டையும் பாராட்டுகிறது.

ஏன்? பயம் என்று சிலர் சொல்லலாம். குடியேறியவன் வந்த ஊரை விமர்சிக்கத் தயங்குவான் என்பது உண்மைதான். ஆனால் அரிஸ்டாட்டில் தன் 'அரசியல்' நூலிலும் இதையேதான் சொல்கிறார்: ஓர் இடத்தில் குடியிருப்பதாலேயே ஒருவன் குடிமகன் ஆவதில்லை, மெட்டிக்கும் அடிமையும்கூடத்தான் அங்கே குடியிருக்கிறார்கள் என்று. எனவே இது பயமில்லை, நம்பிக்கை. தனக்குக் கிடைக்காத உரிமை தனக்குக் கிடைக்கக்கூடாதது என்றே அவர் ஒப்புக்கொண்டிருந்தார். தானிய வியாபாரிகளுக்கு எதிரான பேச்சைக் கூலிக்கு எழுதிக்கொடுத்த லிசியாஸும் மெட்டிக்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். குடிமகனான சினபோன் கி.மு. 355ஐ ஒட்டி எழுதிய 'வருவாய்கள்' என்ற சிறு நூலில், மெட்டிக்குகளுக்குச் சலுகை கொடுங்கள், வீடு கட்ட மனை கொடுங்கள் என்று கேட்கிறார். அவர் கணக்கு வரி வருமானக் கணக்குதான். ஆனாலும் அவர் கண்ணில் அவர்கள் பட்டார்கள்.

நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் இதைக் கேட்டதும் 'அப்போ நாமும் மெட்டிக் மாதிரிதானே' என்றார்கள். அப்படி இல்லை. இந்த நாட்டில் எங்கும் குடியேறி வாழும் உரிமை அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. சாதாரணமாக எங்கே வசிக்கிறோமோ அங்கே ஓட்டு என்று 1950ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பாஷையைக் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்கும் கிழவிகள் எல்லா ஊரிலும் உண்டுதான், அவளால் நம் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது. லிசியாஸிடம் இருந்து எடுத்துவிட்டார்கள். இந்த வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்கிறவர்கள் 57ஆம் அத்தியாயத்தை இன்னொரு தடவை படிக்கட்டும்.

நூலைத் தேடிப் படிக்க விரும்பும் அன்பர்களுக்கு: முதல் பகுதியில் சோலோனை மட்டும் பார்த்துவிட்டு நேராக 40க்குப் போங்கள். 42 முதல் 62 வரை நிதானமாக. 63க்குப் பிறகு நீதிபதிகளைச் சீட்டுப் போட்டு எடுக்கும் இயந்திரம், தண்ணீர்க் கடிகாரம், துளையிட்ட வெண்கல வாக்குச் சில்லு என்று வருவது, பொறியியல் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்குச் சலித்தது. 51ஆம் அத்தியாயத்தை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள். லிசியாஸின் தானிய வியாபாரிகள் வழக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிகாரிகளை இதிலும் ஆட்களை அதிலும் பார்த்துப் படியுங்கள்.